லயத்துச் சுவரில் தொங்கும் நாயகர்கள்

எங்களில் ஒருத்தியின் அப்பாயி வீட்டில் ஒரு எம்.ஜி.ஆர். படம் இருக்கிறது. ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டம், பழைய லயத்தில் கடைசிக் காம்பரா. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட படம். அடுப்புப் புகை பட்டுப் பட்டுத் தொப்பி மஞ்சளாகிவிட்டது. ஒரு பக்கம் மாரியம்மன், மறுபக்கம் செத்துப்போன தாத்தா. தாத்தா படத்தைவிட எம்.ஜி.ஆர். படம் பெரிசு. சின்ன வயதில் அவரையும் சொந்தக்காரர் என்றே நினைத்திருந்ததாக எங்கள் தோழி சொல்வாள். தாத்தாவுக்கு அண்ணன் முறையாக இருக்குமோ என்று.

அந்தப் படத்துக்கு அந்த வீட்டில் ஒரு வேலை இருந்தது. சம்பள நாளில் தாத்தா தவறணைக்குப் போய்விட்டு வந்தால் அப்பாயி அவரோடு சண்டை போடுவதில்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பேசுவாராம்: "பாத்தீங்களா வாத்தியாரே, ஒங்க ரசிகரு வந்திருக்காரு. நீங்க சொன்னத எவ்வளவு அழகா கேட்டு நடக்குறாருன்னு பாருங்க." தாத்தாவுக்கு அது செருப்படி. பொண்டாட்டி திட்டினால் வாய மூடு என்று அதட்டிவிடலாம். எம்.ஜி.ஆரை எப்படி அதட்டுவது? அன்றைக்கு ராத்திரி அவர் ஸ்தோப்பிலேயே சாக்கைப் போட்டுப் படுத்துவிடுவாராம்.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. சினிமா நட்சத்திரங்கள்தான் நம்ம சனத்தைக் கெடுத்தார்கள் என்றான் ஒருவன். இல்லை, அவர்களால்தான் கொஞ்சமாவது திருந்தினோம் என்றாள் இன்னொருத்தி. பீடத்து கென்டீனில் இரண்டு பிளேன்டீ ஆறிப்போகும் வரைக்கும் பேசினோம். பேசப் பேச எங்களுக்கு இப்படித் தோன்றியது: ஒரு நடிகரின் பிம்பம் லயத்துச் சுவரில் ஏறிய பிறகு அது அந்த நடிகருடையது இல்லை. அதை யார் கழற்றி, யாருக்கு எதிராக ஓங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்த ஓங்கும் கைகளில் பெண்களின் கை எத்தனை?

எம்.ஜி.ஆரிலிருந்தே தொடங்குவோம். அவர் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. 1917 ஜனவரி 17ஆம் திகதி நாவலப்பிட்டியில் பிறந்தவர். கண்டியிலிருந்து ரயிலில் மலை ஏறும்போது வட்டவளை, ரொசெல்ல, ஹட்டன் எல்லாம் வருவதற்கு முன்பு வருகிற அதே நாவலப்பிட்டி. குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது, தாய்மொழி மலையாளம், இதெல்லாம் எங்கள் தாத்தாமாருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் "நம்ம ஊர்ல பொறந்தவரு" என்கிற ஒரு வரியை அவர்கள் விட்டுக்கொடுத்ததில்லை. குடியுரிமை இல்லாத ஒரு கூட்டத்துக்கு, எல்லாரும் கொண்டாடுகிற ஒருவன் தங்கள் ஊரில் பிறந்தான் என்பது சின்ன விஷயமா?

அவருடைய பிம்பம் எதனால் கட்டப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். குடிக்க மாட்டார், சிகரெட் பிடிக்க மாட்டார், தாயைத் தெய்வமாகக் கும்பிடுவார், ஏழைக்காக அடிப்பார். 1968இல் வந்த 'ஒளிவிளக்கு' படத்தில் குடிகாரனாக வருகிற இடத்தில்கூட, அவருடைய மனச்சாட்சியே நாலைந்து எம்.ஜி.ஆராக எழுந்து நின்று அவரைக் கண்டிக்கும். 'தொழிலாளி', 'படகோட்டி', 'விவசாயி', 'ரிக்‌ஷாக்காரன்' என்று படத்தின் பெயரிலேயே உழைப்பவனை வைத்தார். சுமையிறக்குகிறவனும் வண்டி இழுக்கிறவனும் திரையில் நாயகனாக நிற்பதைப் பார்த்த தோட்டத்து ஆளுக்கு, அதுவரை பெரிய துரையையும் கிளாக்கரையும் மட்டுமே நிமிர்ந்து பார்த்தவனுக்கு, அது என்ன மாதிரி இருந்திருக்கும்? சாதிக்கும் வர்க்கத்துக்கும் எதிரான ஒரு அறை அதில் இருந்தது. அதை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம்.

ஆனால் 1964ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'தொழிலாளி'யும் 'படகோட்டி'யும் வந்த ஆண்டு. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பது. உரலில் கிடக்கிற நெல்லுக்குக்கூட யாராவது அளவு கேட்பார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரையில் தொழிலாளி ஜெயித்துக்கொண்டிருந்த வருஷத்தில் தோட்டத்தில் தொழிலாளியைப் பங்கு பிரித்தார்கள். கப்பலேறிப் போனவர்களில் பலர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள். அங்கே அவர்கள் சிலோன்காரர்கள். இங்கே நாங்கள் இந்தியாக்காரர்கள். பெட்டியில் எம்.ஜி.ஆர். படத்தை வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள்.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்' என்கிற புத்தகத்தை எங்களில் சிலர் படித்திருக்கிறோம். ஏழைகளுக்காக நின்ற திரைப் பிம்பமும் ஏழைகளுக்குப் பெரிசாக எதுவும் செய்யாத ஆட்சியும் எப்படி ஒரே மனிதரிடம் கூடி வாழ்ந்தன என்று கேட்கிற புத்தகம். பிம்பம் ஒரு பொறி என்கிறார் அவர். உண்மைதான். குடிக்காத நாயகனின் அரசாங்கம்தான் 1983இல் டாஸ்மாக்கை ஆரம்பித்தது. ஆனால் புத்தகத்தைப் படித்து முடித்தபோது எங்களுக்கு அப்பாயிதான் ஞாபகத்துக்கு வந்தார். பொறி என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பொறியின் கம்பி ஒன்றை உடைத்து எடுத்துத் தாத்தாவின் முதுகில் போட்டவர் அவர். அவர் ஒன்றும் எம்.ஜி.ஆரை நம்பி ஏமாந்தவர் இல்லை. வீட்டில் தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று தெரிந்து, மதிப்புள்ள ஒருவரின் வாயைக் கடன் வாங்கியவர்.

கடன் என்றால் வட்டி இருக்கும்தானே. 1967இல் வந்த 'விவசாயி' படத்தில் கே.ஆர். விஜயாவுக்கு ஒரு பெண் எப்படி உடுத்த வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று பாட்டிலேயே பாடம் எடுப்பார் எம்.ஜி.ஆர். அப்பாயி அந்தப் பாட்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். தாத்தாவுக்குக் காட்டிய அதே படத்தை மகளுக்கும் காட்டினார். எங்கள் தோழியின் அத்தை டவுனில் கடை வேலைக்குப் போக ஆசைப்பட்டபோது, நாலு ஆம்பளைங்க வந்துபோற எடம், அடக்கமான புள்ளைக்கு அது சரிவராது என்று மறித்தவர் தாத்தா இல்லை, அப்பாயி. அத்தை கொழுந்து பறிக்கத்தான் போனார். நாற்பது வயதுக்குள் முழங்கால் போய்விட்டது.

இதையும் சொல்ல வேண்டும். 1984 வரைக்கும் தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம்தான். விடியக்காலை பிரட்டுக்கு நின்று, மலை ஏறி, அட்டைக் கடியோடு கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்து, சாயங்காலம் விறகோடு வந்து அடுப்பு மூட்டுகிறவளுக்குக் குறைவு. அந்தச் சம்பளத்தையும் புருஷனோ அப்பனோ போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வருகிற வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. திரையில் தொழிலாளி என்றால் ஆம்பளை. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களோ பெரும்பாலும் பெண்கள். அவர்களைத் திரையில் தாயாகக் கும்பிட்டார்கள், தங்கச்சியாகக் காப்பாற்றினார்கள். தொழிலாளியாகப் பார்த்ததாக எங்களுக்கு ஞாபகமில்லை.

அப்பாமார் காலத்துக்கு வருவோம். அவர்களுக்கு ரஜினி. கறுப்பு முகம், கலைந்த முடி, பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தவர், 1975இல் 'அபூர்வ ராகங்கள்' வழியாக உள்ளே வந்து உச்சிக்குப் போனவர். வெள்ளையாக இருந்தால்தான் கதாநாயகன் என்றிருந்த வழக்கத்தை இதைவிட யாரும் பலமாக அடித்ததில்லை. வெயிலிலும் பனியிலும் கறுத்துப்போன எங்கள் அப்பாமார் கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியைக் கோதிக்கொண்டதற்குப் பின்னால் அவர்தான் இருந்தார். சரி, கறுப்பு அழகுதான் என்று தீர்ப்பாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு எங்கள் அம்மாமாருக்குச் செல்லுபடியானதா?

சரிதாவை நினைத்துப் பாருங்கள். 1978இல் 'தப்புத் தாளங்கள்' படத்தில் ரஜினிக்கு ஜோடியாக நடித்தவர். கறுப்பு, பெரிய கண்கள், நடிப்பில் அவரை அடிக்க ஆளில்லை. 1981இல் வந்த 'தண்ணீர் தண்ணீர்' பார்த்தவர்களுக்கு அது தெரியும். கறுத்த ரஜினி சூப்பர் ஸ்டார் ஆனார். கறுத்த சரிதா பின்னாளில், வேறு மாநிலங்களிலிருந்து வந்த வெள்ளை நாயகிகளுக்கு டப்பிங் குரல் கொடுத்தார். குரல் அவருடையது, முகம் இன்னொருத்தியுடையது. எங்களுக்கு இந்த விஷயம் முதலில் தெரிய வந்தபோது கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை.

2013இல் பாலாவின் 'பரதேசி' வந்தது. பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவலைத் தழுவிய படம். தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று பெயர்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுத் தேயிலை மலைகளின் கதைதான், ஆனாலும் கங்காணி ஆள் பிடிக்கிற விதத்தையும் கடன் முடியாமல் வருஷம் ஓடுவதையும் பார்த்தபோது எங்கள் பெரியவர்கள் "இது நம்ம கததானே" என்றார்கள். தேயிலை மலை என்றால் நாயகனும் நாயகியும் பாட்டுக்கு ஓடிப்பிடித்து விளையாடுகிற பச்சைப் பாய் என்று இருந்த தமிழ் சினிமாவில் அது பெரிய விஷயம். ஆனால் அதிலும் நாயகியாக வந்த வேதிகாவுக்குக் கறுப்பு மேக்கப் பூசித்தான் நடிக்க வைத்தார்கள். கறுத்த பெண்ணின் கதைக்குக்கூட வெள்ளைப் பெண்ணைக் கொண்டுவந்து சாயம் அடிக்க வேண்டியிருக்கிறது. இங்கே எங்கள் தங்கச்சிமார் அதற்கு நேர் எதிராக, டவுன் கடையில் வெள்ளையாக்கும் கிரீம் பாக்கெட் வாங்கிப் பூசுகிறார்கள். பொண்ணு பார்க்க வருகிற வீட்டில் மாப்பிள்ளை ரஜினி நிறம், ரஜினி ரசிகர். பொண்ணு மட்டும் "கொஞ்சம் நெறம் கம்மி"யாம்.

ரஜினி படங்களில் பெண்கள் வாங்குகிற திட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 'மன்னன்' (1992) படத்தில் கம்பனி நடத்துகிற விஜயசாந்தி கடைசியில் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவார், அது சுப முடிவு. 'படையப்பா' (1999) படத்தில் எந்த மாதிரிப் பெண் நல்லவள் என்று ரஜினி விளக்கம் கொடுப்பார், நீலாம்பரி தன்னைத் தானே சுட்டுக்கொண்டு செத்துப்போவார். கதைப்படி பாடம் தெளிவு. ஆனால் பாருங்கள், எங்கள் அக்காமாருக்கு அந்தப் படத்தில் ஞாபகம் இருக்கிறது யார்? நல்லவளாக வந்த வசுந்தராவா? பள்ளிக்கூடத்துக் கலை நிகழ்ச்சியில் பெண் பிள்ளைகள் போட்டி போட்டு நடித்தது நீலாம்பரியை. ரம்யா கிருஷ்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததை, லயத்து ஸ்தோப்பில் ஒருநாளும் அப்படி உட்கார முடியாத பிள்ளைகள் மேடையில் உட்கார்ந்து பார்த்தார்கள். படம் எழுதியவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள். அப்பாயி எம்.ஜி.ஆரை எடுத்ததைப் போல, இவர்கள் தண்டிக்கப்பட்டவளை எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் காலத்து நாயகர்கள் கொஞ்சம் வெட்கப்படத் தெரிந்தவர்கள். விஜய்யையே எடுங்கள். 'சிவகாசி' (2005) படத்தில் அசின் போட்டிருக்கிற உடுப்பைப் பார்த்துத் தெருவில் வைத்துப் பாடம் நடத்துவார். 'பிகில்' (2019) படத்தில் பெண்களின் ஃபுட்பால் டீமுக்குக் கோச். பதினாலு வருஷத்தில் ஒரு நட்சத்திரம் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று சந்தோஷப்படலாம். ஆனால் அதே 'பிகில்'லில் ஒரு வீராங்கனையை ஆட வைப்பதற்காக அவளுடைய பருமனைச் சொல்லிக் கேவலப்படுத்துவார். முழுசாக மாறவில்லை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அஜித்தின் விஷயம் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. 2011இல் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். அதே வருஷம் 'மங்காத்தா'வில் நரைத்த முடியோடு வந்தார். 2021இல் என்னைத் தல என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னார். 2019 ஒகஸ்டில் 'நேர்கொண்ட பார்வை'. ஹிந்தி 'பிங்க்' படத்தின் தமிழ் வடிவம். ஒரு பெண் வேண்டாம் என்றால் அதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம், அவள் என்ன உடுத்தியிருந்தாலும், யாரோடு போயிருந்தாலும், குடித்திருந்தாலும், என்று ஒரு மாஸ் நாயகன் கோர்ட்டில் நின்று வாதாடினார். இதை ஒரு என்.ஜி.ஓ. அக்கா வந்து தோட்டத்து மண்டபத்தில் சொல்லியிருந்தால் பொடியன்கள் பின்வரிசையில் சிரித்திருப்பார்கள். அஜித் சொன்னபோது விசிலடித்தார்கள். விசிலடித்துவிட்டு அடுத்த கிழமை டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்க அதே பஸ் ஹோல்ட்டில் அதே மாதிரிதான் நின்றார்கள், அதையும் சொல்லாமல் விட முடியாது. ஆனால் ஒன்று நடந்தது. எங்களில் ஒருத்தியைப் பின்தொடர்ந்து வந்தவனிடம் அவள் திரும்பி நின்று "நீங்க தல ஃபேன்தானே? படம் பாக்கலையா?" என்று கேட்டாள். அவனோடு வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அவன் பிறகு வரவில்லை. அப்பாயியின் பேத்தி அவள், வேறு எப்படி இருப்பாள்?

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களின் பிம்பம். மாறலாம், திருந்தலாம், பழசை மறக்கலாம். பெண் நட்சத்திரத்துக்கு இந்தச் சலுகை இருக்கிறதா? திருச்சியில் ரசிகர்கள் குஷ்புவுக்குக் கோயில் கட்டினார்கள் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். 2005இல் ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், கல்யாணத்துக்கு முந்தைய உறவைப் பற்றி அவர் ஒரு கருத்தைச் சொன்னார். படித்த ஆண் யாரும் தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார் என்கிற மாதிரி. கோயில் கட்டிய அதே சமூகம் செருப்பையும் விளக்குமாற்றையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஊர் ஊராக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010 ஏப்ரல் 28ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது. ஒரு வாக்கியத்துக்காக ஐந்து வருஷம் கோர்ட்டுப் படி ஏறினார். கோயில் கட்டுவதும் கல்லெறிவதும் ஒரே வேலையின் இரண்டு பாதி. தெய்வமாக வைத்திருக்கிறோம், அதனால் பேசாதே.

எங்கள் பெண்களுக்கு இது புதுசு இல்லை. தீபாவளி நேரம் கொழும்பில் வீட்டு வேலைக்கோ கடைக்கோ போய்விட்டு வருகிற பிள்ளையின் தலைமுடி கொஞ்சம் ஸ்ட்ரெயிட் ஆகியிருந்தால் போதும், லயம் முழுக்க வழக்குத்தான். அவளுக்கு உச்ச நீதிமன்றமும் இல்லை.

இப்போது, மலையகம் என்கிற பெயர் ஒரு நட்சத்திரத்தின் பிம்பத்தோடு நேராக மோதிய அந்த ஒரே சமயம். 2020 ஒக்டோபர். முத்தையா முரளிதரனின் வாழ்க்கையை '800' என்று படமாக்கப் போகிறார்கள், விஜய் சேதுபதி நடிக்கிறார் என்று போஸ்டர் வந்தது. விஜய் சேதுபதியின் பிம்பமே வழக்கங்களை மீறுவதுதான். 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தில் திருநங்கையாக நடித்துத் தேசிய விருது வாங்கியவர். சேலை கட்டிக்கொண்டு வந்தபோது அவருடைய ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முரளிதரனாக வந்தபோது தாங்க முடியவில்லை. துரோகி என்றார்கள், தமிழினத்துக்கு அவமானம் என்றார்கள், திரைத்துறைப் பெரியவர்களும் விலகச் சொல்லிக் கேட்டார்கள். கடைசியில் முரளிதரனே அறிக்கை விட்டு விலகிக்கொள்ளச் சொன்னார். விஜய் சேதுபதி அதைப் பகிர்ந்து "நன்றி, வணக்கம்" என்று மட்டும் போட்டார்.

நாங்கள் முரளிதரனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 2019இல் கோட்டாபயவை ஆதரித்து அவர் பேசியது எங்களுக்கும் கசப்புத்தான். வடக்கில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாரின் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. அவர் லயத்துப் பிள்ளையும் இல்லை, பிஸ்கட் தொழில் செய்த வீட்டுப் பிள்ளை. ஆனால் அந்தச் சர்ச்சையின்போது விட்ட ஒரு அறிக்கையில், தன் குடும்பம் தேயிலைத் தோட்ட வேலையில் தொடங்கிய குடும்பம் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை யாராவது கவனித்தார்களா? சென்னையிலும் டொரொண்டோவிலும் லண்டனிலும் எல்லாரும் பேசினார்கள். மலையகத்தான் ஒருவனின் கதையைப் பற்றி மலையகத்தில் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க ஒரு மைக்கும் நீளவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் ஒரே குரலில் பேசியிருக்க மாட்டோம். எங்கள் வீடுகளிலேயே அன்றைக்கு இரண்டு கட்சி. அந்தச் சண்டையைக்கூடப் போட எங்களுக்கு இடம் தரவில்லை என்பதுதான் எங்கள் வருத்தம். படம் கடைசியில் 2023 ஒக்டோபரில் வந்தது, மதுர் மிட்டல் நடித்து. வந்ததே பலருக்குத் தெரியாது.

அந்தக் களேபரத்தில் நடந்த இன்னொன்றுதான் எங்களால் மறக்க முடியாதது. விஜய் சேதுபதியின் மீதுள்ள கோபத்தில், அவருடைய சின்ன மகளைப் பலாத்காரம் செய்வேன் என்று ஒருவன் ட்விட்டரில் எழுதினான். சென்னைப் பொலிஸ் வழக்குப் பதிந்தது. அப்பன் ஒரு படத்தில் நடிக்க ஒத்துக்கொண்டதற்குத் தண்டனை மகளின் உடம்பில். இதை எழுதியவன் தன்னை இன மானம் காப்பவன் என்றுதான் நினைத்திருப்பான். தாயைக் கும்பிட்டு, தங்கச்சியைக் காப்பாற்றி, அடங்காதவளை அடக்கி, தலைமுறை தலைமுறையாகத் திரையில் பார்த்த மானம் எல்லாமே ஒரு பெண்ணின் உடம்பில்தான் இருந்தது என்றால், இவன் மட்டும் வேறு எங்கே போய்த் தேடுவான்?

சுவரில் இல்லாத ஒரு படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோ. நடேசய்யரோடு சேர்ந்து தோட்டம் தோட்டமாகப் போன மீனாட்சியம்மாள். தொழிலாளர்களின் நிலையைப் பாட்டாக எழுதி, சனங்களுக்குப் பழக்கமான மெட்டில் பாடியவர். 1940இல் அந்தப் பாட்டுகள் சின்னப் புத்தகமாகவும் வந்தன. கூட்டத்துக்கு முன்னால் நின்று பாடிய பெண், எங்கள் மலையிலேயே. அவரைப் பற்றி எங்களுக்குப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் தெரியும். அப்பாயிக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் சொன்னபோது, "பொம்பளயா? மேடையில நின்னா? அவ புருஷன் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார். கூடவே நின்றார் என்றோம். அப்பாயி கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல மனுசன்" என்றார். பாடியவளை விட்டுவிட்டுப் புருஷனுக்கு சர்ட்டிஃபிகட்.

போன தீபாவளிக்கு எங்களில் ஐந்து பெண்கள் ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போனோம். ஆண்கள் துணைக்கு வருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டோம். முதல் காட்சி விடியக்காலையில், அதற்கு பஸ் இல்லை. பின்னேரக் காட்சிக்குப் போனால் திரும்பி வர பஸ் இல்லை. மத்தியானக் காட்சிதான் எங்கள் விதி. பெண் பிள்ளைகள் நட்சத்திரத்தைக் கொண்டாடுவதற்கும் பஸ் டைம்டேபிளுக்கும் உள்ள உறவைப் பற்றி யாராவது ஆய்வு செய்யலாம். தியேட்டரில் பெண்கள் இருந்தார்கள், ஆனால் குடும்பத்தோடு. தனியாக ஒரு வரிசையை நிரப்பியவர்கள் நாங்கள் மட்டும்தான். நாயகன் வருகிற இடத்தில் எங்களில் ஒருத்தி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அது பழகின விசில், மலையில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஆள் கூப்பிட அவள் அம்மா அடிக்கிறது. முன்வரிசையில் பத்துத் தலைகள் திரும்பின. திரையில் நாயகன் என்ன செய்தார் என்று அவர்களில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐந்தரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, தோட்டத்துச் சந்தியில் இறங்கி, இருட்டில் போன் வெளிச்சத்தோடு ஏறினோம். விசிலடித்த செய்தி எங்களுக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. ஸ்தோப்பில் நாலைந்து பேர் நின்று எங்களையே பார்த்தார்கள். ஒரு பெரியப்பா தொண்டையைச் செருமினார். உள்ளே அப்பாயி அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். சுவரில் வாத்தியார். நாங்கள் திட்டு வாங்கத் தயாராக வாசலிலேயே நின்றோம்.

அப்பாயி நிமிர்ந்து பார்த்தார். "யாரு நடிச்ச படம்?" என்று கேட்டார்.